யாரும் தீர்மானிக்காத 2 எம்பி: கல்வி உதவிநிதி வழங்கும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தமிழ் மாணவர்களுக்குக் கல்வி உதவிநிதி வழங்கிவரும் சங்கங்கள், அறவாரியங்கள், ஆலய நிர்வாகங்கள் ஆகியவற்றின் செயலவையினர்; அவற்றின் இணையத்தளங்களைப் பராமரித்துவரும் தொண்டர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்த பிள்ளைகள் உங்கள் உதவிநிதிக்கு இணையம்வழி விண்ணப்பிக்கும்போது, தேர்வுச் சான்றிதழ், அடையாள அட்டை, பெற்றோரின் சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, உயர்கல்விக் கூடத்தின் அனுமதிக் கடிதம் ஆகியவற்றைப் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ பதிவேற்ற வேண்டியிருக்கிறது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் முறிவது அந்த இடத்தில்தான். சில தளங்கள் 'கோப்பு மிகப் பெரியது' என்று ஒரு வரி காட்டுகின்றன. சில அதையும் காட்டாமல் வெற்றுப் பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. பட்டர்வொர்த்தில் இணையத்தளப் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையிலும், வார இறுதிகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்படிவங்களை நிரப்ப உதவுபவன் என்ற முறையிலும் இம்மடலை எழுதுகிறேன். எந்த ஓர் அமைப்பையும் குறிவைத்து இதை எழுதவில்லை. ஒரே கோளாறு பல தளங்களில் இருப்பதால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுவதே முறை என்று கருதினேன்.

உங்கள் கூட்டங்களில் குடும்ப வருமான வரம்பு, ஒருவருக்கு வழங்கும் தொகை, விண்ணப்பத்தின் இறுதி நாள் ஆகியவை விவாதிக்கப்பட்டு, முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டுக் கூட்டக் குறிப்பில் ஏறுகின்றன. 'ஒரு கோப்பு 2 எம்பியை (மெகாபைட்டை) தாண்டக் கூடாது' என்ற விதி எந்தக் கூட்டக் குறிப்பில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இருக்காது என்றே நினைக்கிறேன், ஏனெனில் அந்த எண்ணை உங்களில் எவரும் வைக்கவில்லை. பி.எச்.பி. என்ற நிரல் மொழியில் இயங்கும் தளங்களில், வேர்ட்பிரஸ் என்ற தள உருவாக்க மென்பொருளில் அமைத்த தளங்கள் உட்பட, 'அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ்' என்ற அமைப்பின் மதிப்பு, யாரும் கைவைக்காதவரை, 2 எம்பியாகவே இருக்கும். மென்பொருளை உருவாக்கியவர்கள் பொதுவாக விட்டுச்சென்ற அந்த எண், யாருடைய ஒப்புதலும் இல்லாமல் உங்கள் உதவிநிதியின் தகுதி விதிகளுள் ஒன்றாகிவிட்டது. வருமானத் தகுதியும் தேர்வுத் தகுதியும் உள்ள ஒரு மாணவி, கைப்பேசியின் கேமரா நன்றாக இருந்த ஒரே காரணத்தால் வெளியே நிற்கிறாள்.

இன்றைய சாதாரணக் கைப்பேசி ஒன்று 12 மெகாபிக்சலில் எடுக்கும் படம் 3 முதல் 5 எம்பி வரை வருவது இயல்பு. அதைவிடக் கூடுதல் மெகாபிக்சல் கொண்டவற்றில் 10 எம்பியைத் தாண்டுவதும் உண்டு. ஐபோன்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2017இல் வெளிவந்த ஐஓஎஸ் 11 முதல் அவை படங்களை எச்.இ.ஐ.சி. என்ற செறிவான வடிவத்தில் சேமிக்கின்றன. தளம் ஜேபெக் வடிவத்தை மட்டுமே கேட்கிறது என்றால், பதிவேற்றும் வேளையில் கைப்பேசியே அதை ஜேபெக்காக மாற்றிக் கொடுக்கிறது. மாறும்போது அளவு கூடிவிடுகிறது. கைப்பேசியில் 1.7 எம்பி என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த படத்தைத் தளம் 2 எம்பிக்கு மேல் என்று சொல்லித் திருப்பினால், அந்தப் பிள்ளை தன் கண்ணை நம்புவதா, தளத்தை நம்புவதா?

திருப்பப்பட்ட பிறகு நடப்பவற்றைச் செயலவையினர் அறிந்திருக்க வேண்டும். பலர் அந்தப் படத்தைத் தமக்குத் தாமே, அல்லது அண்ணனுக்கோ அக்காவுக்கோ, வாட்ஸ்அப்பில் அனுப்பித் திரும்ப இறக்கிக்கொள்கிறார்கள்; வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுவதால் அளவு குறைந்துவிடும். ஆனால் சம்பளச் சீட்டின் சிறிய எழுத்துகளும் சேமநிதி எண்ணும் கலங்கிப்போகும். பின்னர் உங்கள் பரிசீலனைக் குழு 'ஆவணம் தெளிவாக இல்லை' என்று விண்ணப்பத்தை ஒதுக்கிவைக்கும். வேறு சிலர், பிடிஎஃப் கோப்பை இலவசமாகச் சுருக்கித் தருவதாகச் சொல்லும் ஏதோ ஒரு தளத்தைத் தேடிப் பிடித்து, அடையாள அட்டையின் இருபுறத்தையும் தந்தையின் சம்பள விவரத்தையும் முன்பின் அறியாத சர்வருக்கு ஏற்றிவிடுகிறார்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளை முன்னிட்டு எழுதப்பட்டது, அது சங்கங்களுக்கு எதற்கு என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். சட்டம் எப்படியிருப்பினும், உங்களை நம்பித் தன் அடையாள அட்டையைத் தர வந்த பிள்ளையை வேறு எங்கோ கொண்டுபோய்க் கொடுக்க வைப்பது உங்கள் தளம்தான்.

இதைச் சரிசெய்ய அதிகச் செலவு ஆகாது. ஆனால் எங்கே சரிசெய்வது என்பதில் குழப்பம் நேர்கிறது, ஏனெனில் வரம்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. தண்ணீர்மலைக்குச் செல்லும் தைப்பூச ரதத்தின் வழியில் எந்தக் கம்பி மிகத் தாழ்வாகத் தொங்குகிறதோ அதுவே ரதத்தின் உயரத்தை முடிவுசெய்யும். மற்றக் கம்பிகளை எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் பயனில்லை. கோப்பும் அவ்வாறே படிவத்தின் செருகுநிரல் (தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருள்), பி.எச்.பி., இணையச் சர்வர் (உலாவியின் வேண்டுகோளை வாங்கிப் பதில் தரும் மென்பொருள்), அதற்கும் முன்னால் நிற்கும் பாதுகாப்புச் சேவை என்று பல வரம்புகளைக் கடந்து வர வேண்டும். ஒன்றை மாற்றிவிட்டு 'மாற்றினேன், வேலை செய்யவில்லை' என்று கைவிடுவோரின் தளங்களில் பெரும்பாலும் வேறொரு வரம்பு அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

செருகுநிரலைப் பொறுத்தவரை, சான்றாக, வேர்ட்பிரஸில் பலரும் பயன்படுத்தும் காண்டாக்ட் ஃபார்ம் 7, அளவைக் குறிப்பிடாவிட்டால் ஒரு கோப்புக்கு 1 எம்பி மட்டுமே அனுமதிக்கிறது. பி.எச்.பி.யை 20 எம்பிக்கு உயர்த்தினாலும் அது 1 எம்பியிலேயே நிற்கும். படிவத்தின் கோப்புப் புலத்தில் வரம்பை எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது.

பி.எச்.பி.யில் இரண்டு அமைப்புகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும். மேலே சொன்னது ஒரு கோப்புக்கான வரம்பு. 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்' என்பது படிவம் முழுவதற்குமான வரம்பு. அதன் இயல்பான மதிப்பு 8 எம்பி. ஐந்து ஆவணங்கள், ஒவ்வொன்றும் 1.8 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் விதிக்கு உட்பட்டதே. கூட்டிப் பார்த்தால் 9 எம்பி. இப்போது பி.எச்.பி. செய்வது விசித்திரமானது. கோப்பு பெரியது என்று சொல்லாமல், படிவத்தில் வந்த எல்லாவற்றையும், பெயர், முகவரி, தொலைபேசி எண் உட்பட, வெறுமையாக்கி உங்கள் தளத்தின் நிரலிடம் தருகிறது. நிரலுக்கு வந்தது ஒன்றுமில்லாத படிவம். ஆகவே 'பெயர் கட்டாயம், அடையாள அட்டை எண் கட்டாயம்' என்று சிவப்பு எழுத்தில் வரிசையாகக் கேட்கிறது. படிவத்தோடு மறைவாக வரும் பாதுகாப்புக் குறியீடும் சேர்ந்து காணாமல் போவதால், சில தளங்கள் 'உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது' என்கின்றன. 'எல்லாவற்றையும் நிரப்பினேன், அதுவாகவே அழிந்துவிட்டது' என்று பிள்ளைகள் சொல்லும்போது நம்ப மறுக்கும் பொறுப்பாளர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் சொல்வது உண்மை. முழுப் படிவத்துக்கான வரம்பு, எல்லாக் கோப்புகளின் கூட்டுத்தொகையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அத்தோடு, வந்து சேர்ந்த வேண்டுகோளின் நீளத்தை நிரல் முதலில் சரிபார்த்து, வரம்பைத் தாண்டியிருந்தால் அதையே காரணமாகச் சொல்ல வேண்டும்.

இவற்றை மாற்றும் முறையிலும் சில பழைய அறிவுரைகள் இன்னும் சுற்றிவருகின்றன. நிரலுக்குள் 'இனி செட்' (ini_set) கட்டளை எழுதி இவ்வரம்புகளை உயர்த்த முடியாது. நிரல் ஓடத் தொடங்கும் முன்பே கோப்பு வந்து சேர்ந்துவிடுகிறது, அல்லது மறுக்கப்பட்டுவிடுகிறது. 'டாட் எச்.டி.அக்சஸ்' (.htaccess) கோப்பில் பி.எச்.பி. மதிப்புகளை எழுதும் முறை, பி.எச்.பி. அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளுக்குள் தொகுதியாக ஓடினால் மட்டுமே பலிக்கும். இன்று பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் பயன்படுத்தும், பி.எச்.பி.யைத் தனிச் சேவையாக ஓட்டும் எஃப்.பி.எம். முறையில் அதே வரி தளம் முழுவதையும் பிழை 500 காட்ட வைத்துவிடும். அத்தகைய இடத்தில் 'டாட் யூசர் டாட் இனி' என்ற கோப்பு உதவும், ஆனால் அது உடனே நடப்புக்கு வராது. இயல்பாக 300 விநாடிகளுக்கு ஒருமுறைதான் பி.எச்.பி. அதைத் திரும்பப் படிக்கிறது. அந்த ஐந்து நிமிடம் பொறுக்காமல் அடுத்தடுத்து வேறு நான்கு இடங்களை மாற்றிவிட்டு, எது பலித்தது என்று தெரியாமல் தவிப்பவர்கள் உண்டு. சிபேனல் என்ற தள நிர்வாக வசதி உள்ளவர்கள் அதிலுள்ள மல்டி பி.எச்.பி. இனி எடிட்டரில் மாற்றுவதே எளிது. சொந்த சர்வர் வைத்திருப்போர், கட்டளை வரிக்கான 'பி.எச்.பி. டாட் இனி' வேறு, தளத்துக்கானது வேறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மாற்றிய பின் எஃப்.பி.எம். சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். எந்தக் கோப்பு நடப்பில் இருக்கிறது என்பதைப் பி.எச்.பி. தகவல் பக்கம் காட்டும். பார்த்த கையோடு அந்தப் பக்கத்தை நீக்கிவிடுங்கள், அது அயலார் பார்க்கத் தகாதது.

அடுத்தது இணையச் சர்வர். என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் 'கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ்' என்ற வரம்பு இயல்பாக 1 எம்பி மட்டுமே. தாண்டினால் பிழை எண் 413. பி.எச்.பி.யை எவ்வளவு உயர்த்தியிருந்தாலும் கோப்பு அதுவரை போய்ச் சேராது. உலாவிகளால் இந்தப் பிழையைச் சரிவரக் காட்ட முடியாது என்று என்ஜின்எக்ஸ் கையேடே எச்சரிக்கிறது. பாதி அனுப்பும்போதே தொடர்பு அறுந்ததுபோல் தோன்றும். பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடித்து வந்து, மகளின் விண்ணப்பத்துக்காகக் கைப்பேசியில் டேட்டா நிரப்பி மீண்டும் முயலும் தாய்க்கு, பிழை தன் இணைப்பில் இல்லை என்று தெரிய வழியே இல்லை. அப்பாச்சியில் இத்தகைய சிக்கல் அரிது. அதன் இயல்பான வரம்பு 2.4.54 பதிப்பு முதல் 1 ஜிபி, அதற்கு முன் வரம்பே இல்லை. விண்டோஸ் ஐ.ஐ.எஸ். சர்வர் 30,000,000 பைட்டைத் தாண்டினால் 404.13 என்ற எண்ணைத் தருகிறது. பார்ப்பவருக்கு அது 'பக்கம் இல்லை' என்றே தோன்றும். சர்வருக்கு முன்னால் நிற்கும் பாதுகாப்புச் சேவையான கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டம் 100 எம்பி வரை விடுவதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் 500 எம்பி ஆக்கிவிடலாமே என்று தோன்றக்கூடும். வேண்டாம் என்பதே என் கருத்து. வந்துசேரும் கோப்பு உங்கள் நிரல் அதைப் பார்ப்பதற்கு முன்பே சர்வரின் தற்காலிக இடத்தில் எழுதப்படுகிறது; வரம்பில்லாத படிவம் ஒன்று பொதுவெளியில் கிடந்தால், குறும்புக்காரர் ஒருவர் ஓரிரவில் வட்டை நிரப்பித் தளத்தை முடக்கிவிடலாம். வரம்பு வேண்டும். அது கூட்டத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளின் கையில் என்ன கருவி இருக்கிறது என்று யோசித்து வைத்த வரம்பாக இருக்க வேண்டும். ஒரு கோப்புக்கு 10 எம்பி, முழுப் படிவத்துக்கு 60 எம்பி என்று நான் பரிந்துரைப்பேன். 500 பேர் விண்ணப்பித்து, ஒவ்வொருவரும் ஐந்து ஆவணங்களை 10 எம்பி அளவிலேயே அனுப்பினாலும் மொத்தம் 25 ஜிபிதான். உண்மையில் அதில் பாதிகூட வராது. ஒரு கோப்புக்கான 10 எம்பி செருகுநிரலிலும் பி.எச்.பி.யிலும் ஒத்துப்போக வேண்டும்; முழுப் படிவத்தையும் சேர்த்து அளக்கும் சர்வரின் வரம்பு பி.எச்.பி.யின் 60 எம்பியைவிடச் சற்றே உயர்ந்திருந்தால், பிழைச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு உங்கள் நிரலின் கையிலேயே இருக்கும்.

இதைவிட நல்ல வழியும் உண்டு: படத்தை அனுப்புவதற்கு முன் உலாவியிலேயே சுருக்குவது. நீளப் பக்கத்தை 2,000 பிக்சலுக்குக் குறைத்து, ஜேபெக் தரத்தை 80 விழுக்காட்டில் வைத்தால், கைப்பேசியில் எடுத்த ஆவணப் படம் பெரும்பாலும் 1 எம்பிக்குள் அடங்கிவிடும். ஏ4 தாளில் அது ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 170 புள்ளி, ஆகவே சம்பளச் சீட்டின் எழுத்து தெளிவாகவே இருக்கும். படங்களை வரைந்து மாற்ற உதவும் உலாவியின் கேன்வாஸ் வசதியைக் கொண்டு இதை எழுத ஒரு நிரலாளருக்கு ஒரு பிற்பகல் போதும். டேட்டாவும் மிச்சம், உங்கள் வட்டிலும் இடம் மிச்சம். கோப்பைத் தேர்ந்தெடுத்த அந்தக் கணமே அதன் அளவு உலாவிக்குத் தெரியும் என்பதால், 'அனுப்பு' பொத்தானை அழுத்திக் காத்திருந்து ஏமாற வைக்க வேண்டியதில்லை. 'நீங்கள் தேர்ந்தெடுத்த கோப்பு 14 எம்பி. இங்கே 10 எம்பி வரை அனுப்பலாம்' என்று தமிழிலும் மலாயிலும் உடனே சொல்லிவிடலாம். உலாவியில் செய்யும் சோதனையை யாரும் சுற்றிக் கடந்துவிட முடியும் என்பதால் சர்வரிலும் அதே சோதனை இருக்க வேண்டும் என்பது உங்கள் தொண்டர்களுக்குத் தெரிந்ததே. இயன்றால் ஒவ்வோர் ஆவணத்தையும் தனித்தனியே ஏற்றும்படி படிவத்தை அமையுங்கள்; ஒன்று தவறினால் மற்ற நான்கும் தப்பிக்கும், நிரப்பிய விவரங்களும் அழியா.

'ஒரு படத்தைச் சுருக்கத் தெரியாத பிள்ளை பல்கலைக்கழகம் போய் என்ன செய்யப்போகிறது' என்று ஒரு செயலவை உறுப்பினர் என்னிடம் சொன்னதுண்டு. கேட்பதற்குக் கண்டிப்பான வாதம்போல் இருக்கிறது. ஆனால் உதவிநிதி யாருக்காக என்று உங்கள் அமைப்பு விதியில் எழுதியிருக்கிறீர்களோ, அவர்களைத்தான் இது முதலில் வெளியேற்றுகிறது. வீட்டில் கணினியும் ஸ்கேனரும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு 2 எம்பி ஒரு தடையே அன்று. நிபோங் தெபாலிலோ சுங்கை பாக்காப்பிலோ வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவின் கையில் என்றிருக்கும் பிள்ளைக்கே அது தடை. 'முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்' என்ற மாற்று ஏற்பாட்டையும் நான் வரவேற்கவில்லை. ஏதோ ஒரு பொறுப்பாளரின் சொந்தக் கைப்பேசியில், அவருடைய குடும்பப் படங்களுக்கிடையில், நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் அடையாள அட்டைகள் ஆண்டுக்கணக்கில் கிடப்பதற்கு அது வழிசெய்கிறது. இணைப்பு மெதுவாக இருப்பதால்தான் தவறுகிறது, நேர வரம்பைக் கூட்டினால் போதும் என்ற கருத்தும் அரைகுறையானது, நிரல் ஓடுவதற்குப் பி.எச்.பி. இயல்பாக வைக்கும் 30 விநாடி வரம்பில் கோப்பு வந்து சேரும் நேரம் கணக்கிடப்படுவதில்லை.

அடுத்த சுற்று விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் ஒன்று செய்யும்படி வேண்டுகிறேன். சென்ற சுற்றின் சர்வர் பதிவேடுகள் இன்னும் அழிக்கப்படாமல் இருந்தால் அவற்றை எடுத்துப் பாருங்கள். அணுகல் பதிவில் 413 என்ற எண்ணையும், என்ஜின்எக்ஸ் பிழைப் பதிவில் 'டூ லார்ஜ் பாடி' என்று வரும் வரிகளையும், பி.எச்.பி. பதிவில் 'போஸ்ட் கன்டென்ட் லெங்த்' என்று தொடங்கும் எச்சரிக்கைகளையும் தேடச் சொல்லுங்கள். பின்னிரண்டிலும் அனுப்ப முயன்ற அளவு பைட் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். ஒரு கோப்பு மட்டும் வரம்பைத் தாண்டியிருந்தால் பி.எச்.பி. எதையும் பதிவு செய்வதில்லை, நிரலிடம் பிழை எண் 1ஐத் தருவதோடு சரி. ஆகவே இனிமேல் அதையும் நிரல் தனியே எழுதிவைக்க வேண்டும். பிறகு, கணக்குத் திறந்து, பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்து, ஆவணம் ஒன்றும் சேராமல் பாதியில் நின்ற விண்ணப்பங்களின் பட்டியலை அந்த நாள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் அக்கறையின்றி விட்டுப்போனவர்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதுவதற்கு முன், ஒருவர் அந்த எண்களுக்கு அழைத்து, ஆவணங்களை இப்போதாவது அனுப்ப முடியுமா என்று கேட்கட்டும். இறுதி நாளைக் காரணம் காட்டி மறுக்க வேண்டாம். இறுதி நாளுக்கு முன்பே அவர்கள் வந்து நின்றதற்கு உங்கள் சர்வரே சான்று.

இம்மடலில் சொன்ன மாற்றங்களைச் செய்ய ஆள் இல்லாத அமைப்புகள், பினாங்கு மாநிலத்துக்குள் இருந்தால், என்னைப் போன்றவர்களைக் கூப்பிடலாம். கட்டணம் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும்
இணையத்தளப் பராமரிப்பாளர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு.